சாயலும் மாறுதலும்: மரபுப் பண்புகளைக் கற்பிக்கும் பிள்ளைகள் பெட்டி ஒன்றின் மதிப்புரை

விலங்குகளிலும் தாவரங்களிலும் பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு எவ்வாறு வந்து சேர்கின்றன என்பதை, ஆறு முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டாகச் சொல்லித் தருவதற்கென்று ஆயத்தம் செய்யப்பட்ட பெட்டி ஒன்று, கோயம்புத்தூரில் கல்விப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் 1,200 ரூபாய்க்குக் கிடைத்தது. நாற்பது படஅட்டைகள், இரண்டு துணிப்பைகளும் வண்ண வில்லைகளும் கொண்ட ஒரு விளையாட்டு, இரண்டு மரத்தட்டுகள், மூன்று விதைப் பொட்டலங்கள், 'என் குடும்ப மரம்' என்ற பெரிய தாள், பெரியவர்களுக்கான கையேடு ஆகியவை அதனுள் இருக்கின்றன. எங்கள் தெருவிலுள்ள சிறு நூலகத்துக்கு வார இறுதியில் வரும் பிள்ளைகளோடு இதைப் பயன்படுத்திப் பார்த்த பிறகே எழுதுகிறேன். தயாரித்தவர்களின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஏறத்தாழ இதே உள்ளடக்கத்தோடு வேறு பெயர்களிலும் பெட்டிகள் விற்கப்படுகின்றன என்பதால், கீழே சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி அவற்றை வாங்க நினைப்பவர்களுக்கும் பயன்படக்கூடும்.

மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல், தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பில்தான் வருகிறார். அதற்குள் பிள்ளைகள் தமக்கென்று ஒரு கொள்கையை உருவாக்கிக்கொண்டுவிடுகிறார்கள்: பெண் அம்மாவைப் போலவும் பையன் அப்பாவைப் போலவும் இருப்பார்கள், ஓடி ஓடிப் பழகிய குதிரைக்கு வேகமான குட்டி பிறக்கும், குட்டி தாயைப் போல் இல்லையென்றால் அது அந்தத் தாயின் குட்டியே அன்று. இந்த மூன்றும் ஆறு வயதுப் பிள்ளையிடமும் கேட்கக் கிடைப்பவை, திருத்தப்படாவிட்டால் அறுபது வயது வரையிலும் நீடிப்பவை. எனவே சிறு வயதிலேயே தொடங்குவதில் பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டு வெளியான பள்ளி அறிவியல் தரநிலைகள் முதல் வகுப்புப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது ஒரேயொரு செய்தியைத்தான்: இளம் தாவரமும் இளம் விலங்கும் தம் பெற்றோரைப் போல இருக்கும், ஆனால் அச்சு அசலாக அப்படியே இருக்காது, இதைப் பிள்ளை தானே பார்த்துச் சான்றோடு சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பில், சூழலும் பண்புகளை மாற்றும் என்பது இதனோடு சேர்கிறது. பண்பைத் தீர்மானிக்கும் மரபணு, மரபணுக்களைத் தாங்கும் நிறப்புரி (குரோமோசோம்) என்னும் சொற்கள் அந்த வயதில் தேவையில்லை என்பதில் அந்தத் தரநிலைகளை வகுத்தவர்கள் தெளிவாக இருக்கிறார்கள். இந்தப் பெட்டியையும் நான் அந்த இரண்டு அளவுகோல்களைக் கொண்டே பார்க்கிறேன். 'போல இருக்கும்' என்ற முதல் பாதியை இது தாராளமாகக் கற்பிக்கிறது. 'அப்படியே இருக்காது' என்ற இரண்டாம் பாதியில் ஓரிடத்தில் மிக நன்றாகவும் மற்ற இடங்களில் மிக மேலோட்டமாகவும் நடந்துகொள்கிறது.

முதலில் அட்டைகள். இருபது தாய்தந்தை அட்டைகள், இருபது பிள்ளை அட்டைகள். இணை சேர்க்க வேண்டும். பசுவுக்குக் கன்று, பென்குவினுக்குக் குஞ்சு, தவளைக்குத் தலைப்பிரட்டை, தென்னைக்குத் தென்னம்பிள்ளை என்று போகிறது. படங்கள் தெளிவானவை, அட்டையும் கனமானது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைகள் இதைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று கேட்கிறார்கள், அது நியாயமான கேள்வியும்கூட. நாய்க்கு நாய்க்குட்டிதான் பிறக்கும் என்பது நான்கு வயதிலேயே தெரிந்த செய்தி. ஓர் இனத்துக்குள்ளேயே எந்தக் குட்டி எந்தத் தாய்க்கு உரியது, எதை வைத்து அப்படிச் சொல்கிறாய், எந்தப் பண்பு ஒத்துப்போகிறது, எது ஒத்துப்போகவில்லை என்று கேட்கும்போதுதான் மரபுப் பண்பு என்ற பாடமே தொடங்குகிறது. அந்தக் கேள்வியைக் கேட்கும் அட்டைகள் நாற்பதில் மிகச் சிலவே. பூனையும் அதன் நான்கு குட்டிகளும் இருக்கும் அட்டை ஒன்று, கோழியும் குஞ்சுகளும் இருக்கும் அட்டை ஒன்று. இவ்விரண்டும் மற்ற எல்லாவற்றையும் விட நீண்ட நேரம் பிள்ளைகளின் கையில் இருந்தன.

பூனை அட்டையில் தாய் வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என்ற மூன்று நிறமும் கலந்தது. குட்டிகளில் ஒன்று முழுச் செம்மஞ்சள், ஒன்று கறுப்பு, ஒன்று கறுப்பும் வெள்ளையும், நான்காவது தாயைப் போல முந்நிறம். இந்த முந்நிறக் குட்டி ஏறக்குறைய எப்போதும் பெண்ணாகவே இருக்கும் என்று சொன்னால் பிள்ளைகள் கண்களை விரித்துக் கேட்பார்கள். செம்மஞ்சள் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் நிறப்புரியில் இருப்பதும், ஆணுக்கு ஒன்றாக இருக்கும் அந்த நிறப்புரி பெண் பூனைக்கு இரண்டு இருப்பதும், ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டில் ஒன்று மட்டுமே வேலை செய்வதும் இதற்குக் காரணங்கள். அந்த மரபணு எது என்பது 2025ஆம் ஆண்டில்தான் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே இயங்கிய இரு குழுக்களின் ஆய்வுகளால் வெளிவந்தது. இதில் எதுவுமே கையேட்டில் இல்லை. அதற்கு மாறாக, ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கெல்லாம் தந்தை ஒன்றே என்று எழுதியிருக்கிறார்கள். பூனைகளில் ஓர் ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தைகள் இருக்கலாம் என்பது பூனை வளர்ப்பவர்கள் பலரும் அறிந்த செய்தி.

கோழி அட்டை எனக்கு இன்னும் பிடித்திருந்தது. மெண்டலின் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்துகின்றன என்று தொடக்கத்திலேயே காட்டியவர்களுள் ஒருவரான இங்கிலாந்தின் பேட்சன், 1902ஆம் ஆண்டு கோழிகளின் கொண்டை முதலிய பண்புகளைக் கொண்டுதான் அதைக் காட்டினார். நம் ஊர்களில் சிறுவிடைக் கோழி ஒன்று பொரித்த குஞ்சுகளைப் பார்த்தாலே ஒரு வகுப்பு நடத்திவிடலாம்: ஒன்று கருப்பு, ஒன்று பழுப்பு, ஒன்றின் முதுகில் கோடு, ஒன்றுக்குக் கழுத்தில் இறகே இல்லை. கழுத்தில் இறகில்லாத கோழிகளில் ஒரு நுட்பம் உண்டு. அந்தப் பண்பைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற கோழிக்குக் கழுத்து ஏறக்குறைய முற்றிலும் வெறுமையாக இருக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற கோழிக்குக் கழுத்தின் முன்புறம் ஒரு குஞ்சம் போல இறகு நிற்கும். எட்டு வயதுப் பிள்ளை தானே பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய சான்று இது. அட்டையில் அப்படி ஒரு குஞ்சு இருந்தும் கையேடு அதைக் கவனிக்கவில்லை.

பசு அட்டையில் இருப்பது கறுப்பும் வெள்ளையுமான சீமைப் பசு. கொங்கு நாட்டில் விற்கும் பெட்டியில் காங்கேயம் இல்லாதது ஊர்ப்பற்றினால் மட்டும் எனக்குக் குறையாகப் படவில்லை. பாடத்துக்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. காங்கேயம் கன்று பெரும்பாலும் செந்நிறத்தில் பிறந்து, ஆறு மாத அளவில் சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது. காளையானால் தலையும் கழுத்தும் திமிலும் பின்னர் கருமை கொள்கின்றன. மயிலைப் பசுவின் பக்கத்தில் செவலைக் கன்று நிற்கும் படத்தைக் காட்டி, இது இதன் கன்றா என்று கேட்டால் நகரத்துப் பிள்ளைகள் அனைவரும் இல்லை என்பார்கள். மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒன்று அங்கே இருந்தால் அது சிரிக்கும். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் எடுத்த படங்களை நானே அச்சிட்டு அட்டைகளோடு சேர்த்துவிட்டேன். அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் வளரும் மாடுகளையும் உடன் வைத்தேன். பழுப்பு உடலில் வெள்ளைத் திட்டு என்பது அவற்றின் பொதுவான சாயல். ஆனால் திட்டு எங்கே விழுந்திருக்கிறது, எவ்வளவு பெரியது என்பது மாட்டுக்கு மாடு வேறுபடும். சாயலும் மாறுதலும் ஒரே உடலில் இருப்பதைப் பிள்ளைகள் விரலால் தொட்டுக் காட்ட முடிகிறது.

தாவர அட்டைகளில் வாழையைப் பற்றி ஒரு சொல். தாய்வாழையும் பக்கக் கன்றும் பெற்றோரும் பிள்ளையும் என்று இணை சேர்க்கப்பட்டிருக்கின்றன, கையேட்டில் 'வாழையடி வாழை' என்ற தலைப்பும் அதற்கு இடப்பட்டிருக்கிறது. கிழங்கிலிருந்து கிளம்பும் கன்று, தாயின் உடலிலிருந்தே வரும் நகல். அதற்குத் தந்தை இல்லை, எனவே மாறுதலுக்கும் ஏறத்தாழ இடமில்லை. விதையிலிருந்து முளைக்கும் செடிக்கு இது நேர் எதிரானது. மாமர அட்டையை இதன் அருகில் வைத்துப் பேசியிருந்தால் பாடம் மிக அழகாக அமைந்திருக்கும். மல்கோவாக் கொட்டையை நட்டால் பெரும்பாலும் மல்கோவா கிடைப்பதில்லை, ஏனென்றால் அந்தக் கொட்டைக்குள் தந்தை மரத்தின் பங்கும் இருக்கிறது. அதனால்தான் நாற்றுப்பண்ணைகளில் ஒட்டுக்கன்று விற்கிறார்கள். 'ஏன் பாட்டி ஒட்டுக்கன்றுதான் வேண்டும் என்கிறார்?' என்ற கேள்வியோடு இரண்டு அட்டைகளையும் நான் சேர்த்து வைத்தேன். பிள்ளைகள் வீட்டில் போய்க் கேட்டுவந்த பதில்கள் கையேட்டை விடத் தெளிவாக இருந்தன.

இனி, இந்தப் பெட்டியை வாங்குவதற்கு உண்மையான காரணமாக இருக்கும் துணிப்பை விளையாட்டுக்கு வருகிறேன். கற்பனைப் பறவை ஒன்று. அதற்கு அலகு, வால், கொண்டை, கால், இறக்கைப் புள்ளி என்று ஐந்து பண்புகள். ஒவ்வொரு பண்புக்கும் தாயின் பையில் இரண்டு வில்லைகள், தந்தையின் பையில் இரண்டு வில்லைகள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பைகளிலிருந்தும் ஒவ்வொரு வில்லை எடுக்க வேண்டும். கிடைத்த இரண்டு வில்லைகளைக் கொண்டு குஞ்சின் அலகு நீளமா குட்டையா என்று தீர்மானித்து, அதற்குரிய மரத்துண்டை உடலில் செருக வேண்டும். அலகுக்கு ஒரு சிவப்பு வில்லை இருந்தாலே நீள அலகு. இரண்டும் நீலமாக இருந்தால் மட்டும் குட்டை அலகு. இறக்கைப் புள்ளிக்கு விதி வேறு: இரண்டு கருப்பு வில்லைகள் வந்தால் கரும்புள்ளி, இரண்டு வெள்ளை வந்தால் புள்ளியே இல்லை, ஒவ்வொன்று வந்தால் சாம்பல் புள்ளி. ஒரு பண்பு மற்றொன்றை மறைப்பதும், இரண்டும் கலந்து நடுவில் நிற்பதும் ஒரே விளையாட்டுக்குள் வந்துவிடுகின்றன. ஒரு சொல்லும் விளக்காமல், எட்டு வயதுப் பிள்ளையின் கை வழியாகவே இதைப் புகட்டியிருப்பது பாராட்டத்தக்கது.

நூலகத்தில் ஆறு பிள்ளைகள் சுற்றி அமர்ந்து ஒரே பெற்றோருக்கு ஆறு குஞ்சுகளை உண்டாக்கினார்கள். ஆறும் ஆறு விதமாக நின்றன. தாய்க்கும் நீள அலகு, தந்தைக்கும் நீள அலகு என்றிருக்க, ஒரு பெண் குழந்தைக்கு இரண்டு நீல வில்லைகள் வந்து குட்டை அலகுக் குஞ்சு கிடைத்தது. "இது இவங்க குஞ்சே இல்லீங்க அக்கா" என்று பக்கத்தில் இருந்த பையன் தீர்ப்புச் சொன்னான். அந்தப் பெண் தன் இரண்டு வில்லைகளையும் உள்ளங்கையில் வைத்து, "இது அவங்க பையில இருந்து, இது இவங்க பையில இருந்து, நீயே பாரு" என்று வாதாடினாள். தாயிடமும் தந்தையிடமும் நீல வில்லை மறைந்திருந்தது, வெளியே தெரியவில்லை, பிள்ளையிடம் வந்து சேர்ந்ததும் தெரிந்துவிட்டது. இதை அவர்கள் தமக்குள் பேசி முடித்தபோது நான் வாயே திறக்கவில்லை. பட்டாணியைக் கொண்டு மெண்டல் 1856 முதல் 1863 வரை செய்த சோதனைகளின் சாரம் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. 1866இல் அச்சேறிய அவருடைய கட்டுரையின் முக்கியத்துவம் 1900இல்தான் உலகத்துக்கு உறைத்தது என்பதை நினைத்தால், பிள்ளைகள் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் இந்த விளையாட்டிலும் மூன்று குறைகள் இருக்கின்றன. வாங்குபவர்கள் எளிதில் சரிசெய்துகொள்ளலாம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். முதலாவது, எடுத்த வில்லையைக் குறித்துக்கொண்டு பைக்குள் திரும்பப் போட்டுவிட வேண்டும் என்பதைக் கையேடு எங்கும் சொல்லவில்லை. போடாவிட்டால் பையில் எஞ்சியிருப்பது ஒரே வில்லை. அடுத்த பிள்ளைக்கு வேறு எதுவும் வர வாய்ப்பில்லை, அதற்கடுத்த பிள்ளைக்குப் பை காலி. உண்மையில் ஒவ்வொரு குஞ்சுக்கும் தாய் புதிதாக ஒரு பங்கைத் தருகிறாள், முன்பு கொடுத்துவிட்டதால் அவளிடம் எதுவும் தீர்ந்துபோவதில்லை. திரும்பப் போடுதல் என்ற சிறு செயல்தான் அந்தக் கருத்தைக் காப்பாற்றுகிறது.

இரண்டாவது, நான்கு குஞ்சுகள் பிறந்தால் அவற்றில் ஒன்றுக்குக் குட்டை அலகு இருக்கும் என்று கையேடு உறுதியாகச் சொல்கிறது. நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதை நான்குக்கு ஒன்று என்ற கணக்காகப் படித்ததால் வந்த பிழை இது. நான்கு குஞ்சுகளில் ஒன்றும் குட்டையாக இல்லாமல் போகலாம், மூன்று குட்டையாகவும் வரலாம். மெண்டல் எண்ணிய இரண்டாம் தலைமுறைப் பட்டாணி விதைகள் மொத்தம் 7,324. அவற்றில் 5,474 உருண்டையாகவும் 1,850 சுருங்கியும் இருந்தன. அதாவது ஏழாயிரத்துக்கு மேல் எண்ணிய பிறகும் அவருக்குக் கிடைத்தது 2.96க்கு 1தான், சரியாக மூன்றுக்கு ஒன்று அன்று. ஒரு குட்டை அலகு வந்துவிட்டது, இனி வராது என்று நம்பிக்கொண்டு பிள்ளைகள் பைக்குள் கைவிடுவதைப் பார்த்தேன். பல சுற்றுகள் ஆடி, எல்லாவற்றையும் சுவரில் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணிவந்தால் மட்டுமே அந்த நம்பிக்கை கரைகிறது.

மூன்றாவது, தாயின் பை இளஞ்சிவப்பு, தந்தையின் பை நீலம். பெட்டியின் மூடியிலும் அம்மாவோடு பெண்ணும் அப்பாவோடு பையனும் நிற்கும் படம். இதன் விளைவு உடனே தெரிந்தது: பெண்கள் இளஞ்சிவப்புப் பைக்குள் மட்டும் கையை விட்டார்கள். ஒவ்வொரு குஞ்சும், ஆணோ பெண்ணோ, இரண்டு பைகளிலிருந்தும் சமமாக எடுக்கிறது என்பதே இந்த விளையாட்டின் உயிர். அதை மூடியிலுள்ள படமே மறுப்பது வருந்தத்தக்கது. பழைய துணியில் ஒரே நிறத்தில் இரண்டு பைகள் தைத்துக்கொண்டோம், சிக்கல் தீர்ந்தது.

மரத்தட்டுகள் இரண்டும் 'பிறப்பில் வந்தது', 'பிறகு வந்தது' என்று பெயரிடப்பட்டவை; சிறு வில்லைகளில் அச்சிட்ட பண்புகளைப் பிரித்துப் போட வேண்டும். கிளி பேசுவது, நாய் சொன்னதும் உட்காருவது, வரிக்குதிரையின் வரி, ஆட்டின் காலிலுள்ள தழும்பு போன்றவை. இதில் மிகச் சிறந்த வில்லை குயில். காக்கைக் கூட்டில் பொரிந்து, காக்கை ஊட்டி வளர்ந்த குயில், பெரிதானதும் குயிலாகவே கூவுகிறது. காக்கையிடம் அது கரையக் கற்றுக்கொள்வதில்லை. வளர்த்தவர் யார், பிறப்பித்தவர் யார் என்ற வேறுபாட்டை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் சான்று நம் வீட்டுக் கூரைக்கு மேலேயே கிடைக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆண் குயில் கருப்பு, பெண் குயில் பழுப்பில் புள்ளிகள் என்பதையும் சேர்த்துக் காட்டினால், தாயைப் போல மகன் இல்லாததற்கு இன்னுமொரு விளக்கமும் கிடைக்கும்.

பூநாரையின் இளஞ்சிவப்பு நிறத்தைப் 'பிறப்பில் வந்தது' தட்டில் போடச் சொல்லும் விடைத்தாளை மட்டும் ஏற்க முடியவில்லை. கோடியக்கரைக்கு வரும் அந்தப் பறவையின் குஞ்சு சாம்பல் நிறத்தில் இருக்கும். உண்ணும் பாசியிலும் சிறு இறால்களிலும் உள்ள நிறப்பொருள் இறகில் சேரச் சேரத்தான் சிவப்பு ஏறுகிறது. அந்த நிறப்பொருளை இறகில் சேர்த்துவைக்கும் திறன் பிறப்பில் வந்தது, நிறப்பொருளோ வாயால் வந்தது. ஆக அது இரண்டு தட்டிலும் இல்லை, நடுவில் இருக்கிறது. உயரமும் அப்படித்தான், கீரைச் செடியின் தண்டுப் பருமனும் அப்படித்தான். தட்டுகள் இரண்டு மட்டும் இருப்பதால் பிள்ளைகள் எதையும் ஒரு பக்கம் தள்ளியாக வேண்டிய கட்டாயம் ஏற்படுகிறது. நாங்கள் சமையலறையிலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டை நடுவில் வைத்தோம், சிறிது நேரத்தில் அதுதான் நிரம்பி வழிந்தது. காதுகுத்தை மட்டும் எல்லோரும் தயங்காமல் 'பிறகு வந்தது' தட்டில் போட்டார்கள். நம் முன்னோர் எத்தனையோ தலைமுறைகளாகக் காது குத்திக்கொண்டும் ஒரு குழந்தையும் துளையோடு பிறக்கவில்லை. ஜெர்மானிய உயிரியலாளர் வைஸ்மன் 1880களின் இறுதியில் இதையே எலிகளின் வாலை ஐந்து தலைமுறை வெட்டிப் பார்த்துச் சோதித்தார். அந்தப் பெற்றோருக்குப் பிறந்த 901 எலிக்குஞ்சுகளில் ஒன்றுகூட வால் குன்றிப் பிறக்கவில்லை. காது குத்தும் ஊரில் பிறந்திருந்தால் அவர் எலிகளை விட்டுவைத்திருப்பார்.

விதைப் பொட்டலங்களில் சிவப்புத் தண்டுக்கீரையும் பச்சைத் தண்டுக்கீரையும் ஒன்றில் இருக்கின்றன, அந்திமந்தாரை ஒன்றில், இரு வகைகளைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டுத் தக்காளி ஒன்றில். கீரை நல்ல தேர்வு. நான்கைந்து நாளில் முளைவிட்டு, முளையிலேயே சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரிவதால் பொறுமையில்லாத வயதுக்குப் பொருத்தமானது. ஆனால் பொட்டலத்திலிருந்து கொட்டும் விதையில் பிள்ளை பார்ப்பது சந்ததியை மட்டுமே. பெற்றோர் அங்கே இல்லை. சந்தையிலிருந்து சிவப்புக் கீரைக்கட்டு ஒன்றும் பச்சைக் கீரைக்கட்டு ஒன்றும் வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டுப் பிறகு விதைத்தால் அந்தக் குறை நீங்கும். முளைத்த நாற்றுகளில் சிலவற்றை அலமாரிக்குள் இருட்டில் வைத்து, அவை வெளிறி நெடுநெடுவென்று வளர்வதைக் காட்டினால், சூழல் என்ற பாடமும் அதே கோப்பையில் முடிந்துவிடும். கையேடு இதை எழுதவில்லை.

அந்திமந்தாரையைப் பெட்டிக்குள் வைத்தவர் தாவரவியல் அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். சிவப்பையும் வெள்ளையையும் இணைத்தால் இளஞ்சிவப்புப் பூக்கும் செடி கிடைப்பதும், அந்த இளஞ்சிவப்புச் செடியின் விதைகளை நட்டால் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை மூன்றும் ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் வருவதும் இந்தச் செடியில்தான் கண்டறியப்பட்டன. மெண்டலின் கட்டுரையை 1900இல் மீட்டெடுத்தவர்களுள் ஒருவரான கோரன்ஸ் ஆராய்ந்த செடி இது. வேலியோரம் தானாக முளைப்பது, மாலையில் மலர்வது, மிளகு போன்ற கருவிதையைப் பிள்ளைகளே பொறுக்கக்கூடியது. எனினும் பூக்கச் சில மாதங்களும், அடுத்த தலைமுறையைப் பார்க்க அதற்கு மேலும் தேவை. வீட்டுத் தோட்டங்களில் மஞ்சளும் கோடுபட்ட பூக்களும் கலந்திருப்பதால் கணக்கு ஒருபோதும் சீராக வராது. பொட்டலத்தின் மேல் எந்த நிறம் என்றுகூட எழுதவில்லை. ஓராண்டுக் காலம் காத்திருக்கத் தயாரான வீடுகளுக்கு மட்டும் இது பயன்படும்.

தக்காளி விதை ஏன் இருக்கிறது என்று புரியவில்லை. வீரிய ஒட்டு விதையில் முளைக்கும் செடிகள் அனைத்தும் ஒன்றுபோல இருக்கும். அதன் பழத்திலிருந்து எடுத்த விதையை நட்டால்தான் பலவகையாகப் பிரியும். அந்த இரண்டாம் பகுதியைச் சொல்லாமல் முதல் பகுதியை மட்டும் செய்யச் சொல்வது, பிள்ளைகள் பெற்றோரின் நகல்கள் என்ற தவறான எண்ணத்தையே உறுதிப்படுத்தும்.

'என் குடும்ப மரம்' என்ற தாளைப் பெட்டியைத் திறந்ததும் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள் என்பேன். நாக்கைச் சுருட்ட முடிகிறதா, காதுமடல் ஒட்டியிருக்கிறதா, கட்டைவிரல் பின்னால் வளைகிறதா, தோல் நிறம் யாருடையது என்று கட்டம் போட்டு, அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி என்று எல்லோருடைய படத்தையும் ஒட்டச் சொல்கிறது. அறிவியலாகவே இது நிற்காது. நாக்குச் சுருட்டுவது ஒரே மரபணுவால் வருகிறது என்ற கருத்தை 1940இல் முன்வைத்த ஸ்டர்டிவன்ட் என்ற மரபியலாளர், ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையர்களில் ஒருவரால் முடிந்து மற்றவரால் முடியாமல் போவதை 1952இல் வேறொருவர் காட்டிய பிறகு, 1965இல் அதைத் தாமே கைவிட்டார். காதுமடல், தோல் நிறம் ஆகியவை பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பவை. அப்படியிருக்க, அம்மாவாலும் அப்பாவாலும் நாக்கைச் சுருட்ட முடியாமல் தனக்கு மட்டும் முடிகிறது என்று கண்டுபிடிக்கும் குழந்தை என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்? பாட்டி வீட்டில் வளரும் பிள்ளை, தத்தெடுக்கப்பட்ட பிள்ளை, தந்தையின் படமே வீட்டில் இல்லாத பிள்ளை ஆகியோரின் நிலை இன்னும் கடினமானது. தோல் நிறத்தைப் பற்றி நம் வீடுகளில் பெரியவர்கள் பேசும் பேச்சைத் தெரிந்தவர்கள், அந்தக் கட்டத்தை எட்டு வயதுப் பிள்ளைகள் கூடியிருக்கும் இடத்தில் விரிக்க மாட்டார்கள். பூனையும் கோழியும் மாமரமும் இருக்கும்போது மனிதர்களிடம் போக வேண்டிய அவசியமே இந்த வயதில் இல்லை.

கையேட்டின் தமிழ் மொழிபெயர்ப்புத் தமிழ். அதிலும் ஒரு பக்கத்தின் மேல் 'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், அடுத்த பக்கத்திலேயே ஆறு விதமான குஞ்சுகளை உண்டாக்கும் விளையாட்டு வருகிறது. பழமொழி தந்தையை விட்டுவிட்டதைக் கவனித்த ஒரு சிறுமி, "அப்பா எங்க?" என்று கேட்டாள். அட்டைகளும் மரத்துண்டுகளும் உறுதியானவை, பல கைகள் பட்டும் முனை மடங்கவில்லை. வில்லைகள் சிறியவை என்பதால் மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள் இருக்கும் வீட்டில் உயரத்தில் வைக்க வேண்டும்.

துணிப்பை விளையாட்டும் தட்டுகளும் தனியாக 500 ரூபாய்க்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கச் சொல்வேன். முழுப் பெட்டிக்கு 1,200 ரூபாய் என்பது, நூலகம், மாலை நேரப் பயிலகம், தொடக்கப்பள்ளி போன்று பல பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் இடங்களுக்குத் தாங்கும். ஒரே பிள்ளையுள்ள வீட்டுக்கு அதிகம். அந்த விளையாட்டுக்குச் சுற்றி நான்கைந்து பேராவது இருக்க வேண்டும், தனியாக ஆடினால் சகோதரக் குஞ்சுகள் வேறுபடுவதைப் பார்க்கும் சுவை கிடைக்காது. வில்லைகள் தொலைந்துபோனால் தயாரித்தவர்கள் தனியாக விற்பதில்லை; ஒரு பக்கம் சுண்ணாம்பு தடவிய புளியங்கொட்டைகள் அந்த வேலையைக் குறையில்லாமல் செய்கின்றன, பைக்குள் கைவிடும்போது விரலுக்கு வேறுபாடு தெரியாதபடி மெலிதாகத் தடவினால் போதும்.